ஃபாக்லாந்தை விட்டுவிட லண்டன் எத்தனை முறை முயன்றது?

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்க பிரிட்டன் ஒப்புக்கொண்டுவிட்டதே, அடுத்தது தென் அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாக்லாந்தா? இல்லை, ஃபாக்லாந்து விஷயத்தில் மட்டும் லண்டன் எப்போதுமே விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று உறுதியாக இருந்ததா? இதுதான் கேள்வி. இரண்டாவது பகுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விஷயமே அதில்தான் இருக்கிறது, அது புரிந்தால் முதல் பகுதிக்கு விடை சொல்வது சுலபம்.

உறுதியாக இல்லை. 1965லிருந்து 1982 வரை பதினேழு வருஷம், தொழிற்கட்சி ஆண்டாலும் கன்சர்வேடிவ் கட்சி ஆண்டாலும், லண்டன் வெளியுறவுத் துறைக்குள் ஓடிய எண்ணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இந்தத் தீவுகளை என்றைக்காவது அர்ஜென்டினாவிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், கௌரவம் கெடாமல் எப்படிக் கொடுப்பது என்பதுதான் பாக்கி. 1982இல் கப்பற்படையை அனுப்பிச் சண்டை போட்டது தாட்சர் அரசு. அதே அரசின் அமைச்சர் ஒருவர், அதற்கு ஒன்றரை வருஷம் முன்புதான் 99 வருஷக் குத்தகைத் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தீவுக்கே போய், இதற்குச் சம்மதியுங்கள் என்று மக்களிடம் கேட்டார். போரின் கதையை மட்டும் படித்தவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீவை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தால் அதற்கான காசைச் செலவழித்திருக்க வேண்டும். கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தால் அங்கே வாழ்கிற மக்களிடமும் தன் நாடாளுமன்றத்திடமும் அதை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். லண்டன் இரண்டையும் செய்யவில்லை. விழுங்கவும் மாட்டேன், துப்பவும் மாட்டேன் என்று பதினேழு வருஷம் வாயிலேயே வைத்திருந்தது. அந்த இழுபறி 1982இல் 907 உயிர்களில் போய் முடிந்தது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். அர்ஜென்டினாக் கரையிலிருந்து சுமார் 480 கிலோமீட்டர், பிரிட்டனிலிருந்து 12,000 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பெரிய தீவுகள், சுற்றிலும் நூற்றுக்கணக்கான சின்னத் தீவுகள், மரமே இல்லாத புல்வெளி, ஓயாத காற்று, லட்சக்கணக்கில் செம்மறி ஆடுகள். 1980 வாக்கில் மக்கள்தொகை 1,800 பேர், நம் ஊரில் ஒரு நடுத்தரக் கிராமம் அளவு. நிலத்தில் ஏறத்தாழ பாதி ஃபாக்லாந்து தீவுகள் கம்பெனி என்ற ஒரே தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. குடியானவர்களில் பெரும்பாலோர் அந்தக் கம்பெனியின் வேலையாட்கள், குடியிருந்த வீடும் கம்பெனி வீடுதான், வேலை போனால் வீடும் போகும். அர்ஜென்டினாக்காரர்கள் சொல்லும் மால்வினாஸ் என்ற பெயர், பிரான்சின் சாந்-மாலோ துறைமுகத்திலிருந்து போன மாலுமிகளை வைத்து வந்தது. 1764இல் முதலில் குடியேறியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், மறு வருஷம் பிரிட்டிஷார் இன்னொரு பக்கம் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பங்கை ஸ்பெயினிடம் கொடுத்தார்கள், 1774இல் பிரிட்டிஷார் ஒரு தகட்டை அடித்துவைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள், 1811இல் ஸ்பெயின்காரர்களும் போய்விட்டார்கள். பிறகு 1820களில் புதிதாக விடுதலை பெற்ற அர்ஜென்டினா அங்கே ஆளை உட்காரவைத்தது. 1833 ஜனவரியில் கிளியோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து அர்ஜென்டினாக் கொடியை இறக்கித் தன் கொடியை ஏற்றியது. சண்டையின் வேர் அதுதான்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். தங்கள் உரிமை அவ்வளவு வலுவானதுதானா என்ற சந்தேகம் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கே ரொம்ப நாளாக இருந்தது. 1910இல் வெளியுறவுத் துறை தன் சொந்த உபயோகத்துக்காக இந்த வழக்கின் வரலாற்றை ஒரு நீண்ட குறிப்பாக எழுதச் சொன்னது. அதைப் படித்த அதிகாரிகளுக்கு அர்ஜென்டினாவின் வாதம் தாங்கள் நினைத்ததைவிட வலுவாக இருப்பதாகப் பட்டது. 1930களில் துறையின் அமெரிக்கப் பிரிவுத் தலைவராக இருந்த டிரௌட்பெக், 1833இல் நாம் கைப்பற்றிய விதம் இன்றைய அளவுகோலில் ரொம்பத் தன்னிச்சையான செயல், அதை உலகத்துக்கு விளக்குவது சுலபம் இல்லை என்ற பொருளில் எழுதிவைத்தார். அதன் பிறகு பிரிட்டன் தன் வாதத்தின் அஸ்திவாரத்தையே மெல்ல மாற்றிக்கொண்டது. 1833க்கு முன்பு தீவு யாருடையது என்ற பேச்சைப் பின்னுக்குத் தள்ளி, நூறு வருஷத்துக்கு மேலாக நாங்கள்தான் இடைவிடாமல் இருக்கிறோம் என்பதை முன்னுக்குக் கொண்டுவந்தது. நம் ஊர் நிலத் தகராறில் அனுபவ பாத்தியம் என்பார்களே, கிட்டத்தட்ட அந்த வாதம். 1945க்குப் பிறகு மக்களின் சுயநிர்ணய உரிமையும் அதோடு சேர்ந்துகொண்டது.

1960இல் ஐநா பொதுச்சபை காலனியாட்சி முடிய வேண்டும் என்று 1514ஆம் தீர்மானம் போட்டது. அர்ஜென்டினா அந்த வண்டியில் ஏறிக்கொண்டது. 1965 டிசம்பர் 16 அன்று வந்த 2065ஆம் தீர்மானம், இரண்டு நாடுகளும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது, பிரிட்டன் அதை எதிர்த்து ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டது. அந்தத் தீர்மானத்தில் ஒரு சொல் இருக்கிறது, அடுத்த பதினேழு வருஷப் பேச்சும் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடந்தது என்றால் மிகையில்லை. தீவு மக்களின் 'நலன்களை' மனத்தில் வைத்துப் பேசுங்கள் என்று அது சொன்னது. 'விருப்பத்தை' என்று சொல்லவில்லை. ஒருவருடைய நலன் எது என்பதை அவரைக் கேட்காமலே அடுத்தவர் தீர்மானிக்கலாம், அப்பா பிள்ளைக்குத் தீர்மானிப்பதுபோல. விருப்பம் எது என்பதை அவரைக் கேட்காமல் தீர்மானிக்க முடியாது. லண்டன் அதிகாரிகளுக்கு முதல் சொல் பிடித்திருந்தது. தீவுக்காரர்கள் இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடவில்லை.

1966இல் வெளியுறவு அமைச்சர் மைக்கேல் ஸ்டூவர்ட் பியூனஸ் அயர்ஸ் போய் ரகசியப் பேச்சைத் தொடங்கிவைத்தார். அதே வருஷம் செப்டம்பரில் பதினெட்டு அர்ஜென்டினா இளைஞர்கள் ஒரு பயணிகள் விமானத்தைக் கடத்திக்கொண்டு போய், விமான நிலையமே இல்லாத தீவின் தலைநகர் ஸ்டான்லியில், குதிரைப் பந்தய மைதானத்தில் இறக்கிக் கொடி நட்டார்கள். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. 1968 ஆகஸ்டில் இரண்டு பக்க அதிகாரிகளும் ஒரு புரிந்துணர்வு வாசகத்துக்கு வந்துவிட்டார்கள். அதன் சாரம்: இறுதித் தீர்வின் பகுதியாக, பின்னால் ஒத்துக்கொள்ளப்படும் ஒரு தேதியிலிருந்து பிரிட்டன் அர்ஜென்டினாவின் இறையாண்மையை ஏற்கும், அர்ஜென்டினா தரும் உத்தரவாதங்களால் தீவு மக்களின் நலன்கள் காக்கப்படும் என்று பிரிட்டிஷ் அரசுக்குத் திருப்தி ஏற்பட்ட பிறகே அந்தத் தேதி. கவனியுங்கள், திருப்தி ஏற்பட வேண்டியது அரசுக்கு. மக்களுக்கு என்று எங்கேயும் இல்லை.

ஏன் இவ்வளவு தூரம் போனார்கள்? அப்போது ஆண்ட வில்சனின் தொழிற்கட்சி அரசின் நிலைமையைப் பார்த்தால் புரியும். 1967இல் பவுண்டின் மதிப்பைக் குறைத்தாகிவிட்டது, 1968 ஜனவரியில் சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடா எல்லா இடத்திலிருந்தும் படைகளைத் திரும்ப அழைக்கப்போகிறோம் என்று அறிவித்தாகிவிட்டது. ஆப்பிரிக்காவிலும் கரீபியனிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடி இறங்கிக்கொண்டிருந்த காலம். அர்ஜென்டினா பெரிய வியாபாரக் கூட்டாளி, பிரிட்டிஷ் கறிக்கடைகளின் மாட்டிறைச்சி அங்கிருந்து வந்தது. இந்தத் தராசில் ஒரு தட்டில் ஆட்டு ரோமத்தை வைத்துப் பிழைக்கும் ரெண்டாயிரம் பேரை வைத்தால் எந்தப் பக்கம் சாயும் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டதில் ஆச்சரியம் இல்லை. கணக்கைப் புரிந்துகொள்கிறேன். அந்த ரெண்டாயிரம் பேருக்குத் தெரியாமல் போட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ரகசியம் தங்கவில்லை. 1968 பிப்ரவரியிலேயே தீவின் நிர்வாகக் குழுவிலிருந்த உள்ளூர் உறுப்பினர்கள், எங்களைக் கேட்காமல் எங்களை ஒப்படைக்கப்போகிறார்கள் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதம் எழுதிவிட்டார்கள். லண்டனில் அவர்களுக்காக ஓர் அவசரக் குழு உருவானது. எம்பிக்களும், வக்கீல்களும், தீவில் வியாபாரத் தொடர்பு உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். நவம்பரில் இணையமைச்சர் சால்ஃபாண்ட் பிரபு நேரில் போனார், பண்ணை பண்ணையாகப் போய் மக்களிடம் பேசினார், போன இடமெல்லாம் எதிர்ப்புப் பதாகைகள்தான். டிசம்பரில் அமைச்சரவை பின்வாங்கி, மக்களின் விருப்பத்துக்கு மாறாக இறையாண்மை மாற்றம் கிடையாது என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. அப்படித்தான் 'விருப்பம்' என்ற சொல் அரசின் கொள்கைக்குள் நுழைந்தது. யாரும் யோசித்து வைத்த கொள்கை இல்லை அது, எதிர்ப்பைச் சமாளிக்கக் கொடுத்த வாக்கு. ஆனால் அதன் பிறகு எந்த அரசாலும் அதைத் திரும்பப் பெற முடியவில்லை.

சரி, மக்கள் வேண்டாம் என்கிறார்கள், அவர்கள் மனத்தை மாற்றுவோம் என்று அடுத்த திட்டம். 1971இல் போக்குவரத்து ஒப்பந்தம். அதுவரை தீவை வெளியுலகத்தோடு இணைத்தது மான்டிவிடியோவுக்குப் போய்வந்த டார்வின் என்ற ஒரே கப்பல், கட்டுப்படியாகவில்லை என்று அதையும் நிறுத்தினார்கள். ஒப்பந்தப்படி விமானச் சேவையை அர்ஜென்டினா நடத்தும், கப்பல் சேவையைப் பிரிட்டன் நடத்தும். அர்ஜென்டினா சொன்னபடி 1972இல் தற்காலிக ஓடுதளம் போட்டு, தன் விமானப்படையின் கிளையான லாதே மூலம் விமானங்களை விட்டது. பிரிட்டன் கப்பலை விடவே இல்லை. பிறகு எரிபொருள் அர்ஜென்டினா அரசு எண்ணெய் நிறுவனத்திலிருந்து, அவசர மருத்துவம் அர்ஜென்டினா ஆஸ்பத்திரியில், மேல்படிப்பு அர்ஜென்டினாப் பள்ளியில், வெளியே போக அர்ஜென்டினா கொடுக்கும் வெள்ளை அட்டை. பழகினால் பயம் போய்விடும் என்பது லண்டனின் எதிர்பார்ப்பு. தீவுக்காரர்களுக்கு அது வேறு மாதிரிப் பட்டது, கழுத்தில் கயிறு மெல்ல இறுகுகிற மாதிரி. 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஆயிரக்கணக்கானோரைக் காணாமல் போகச் செய்த பிறகு, அந்த நாட்டோடு சேர்ந்துகொள் என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

நடுவில் 1974இல் கூட்டாட்சி யோசனை ஒன்று வந்தது. இரண்டு கொடி, இரண்டு ஆட்சிமொழி, இரண்டு நாடும் சேர்ந்து ஆள்வது. அதிபர் பெரோனுக்கு அதில் ஆர்வம் இருந்தது என்கிறார்கள், ஜூலை 1ஆம் தேதி அவர் இறந்துபோனார், தீவின் சபையும் வேண்டாம் என்றது, அதோடு முடிந்தது.

1976இல் வந்த ஷாக்கிள்டன் அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அண்டார்டிகாப் பயணி ஷாக்கிள்டனின் மகன், தொழிற்கட்சிப் பிரபு, அவர் தலைமையில் ஒரு குழு தீவின் பொருளாதாரத்தை ஆராய்ந்தது. இது ஒரு சுமை, பிரிட்டன் வரிப்பணத்தில் வாழ்கிறது என்று அறிக்கை சொல்லும் என்று வெளியுறவுத் துறையில் பலர் எதிர்பார்த்தார்கள். வந்தது நேர் எதிர். இருபது வருஷக் கணக்கைப் பார்த்தால் பிரிட்டன் தீவுக்குக் கொடுத்ததைவிட, கம்பெனி லாபமாகவும் வரியாகவும் தீவிலிருந்து பிரிட்டனுக்குப் போனதுதான் அதிகம். சம்பாதித்ததைத் தீவிலேயே திரும்பப் போட்டிருந்தால் நிலைமை வேறு. ஓடுதளத்தை நீளமாக்குங்கள், மீன்வளத்தைக் கவனியுங்கள் என்று அறிக்கை பரிந்துரைத்தது. செலவைக் காரணம் காட்டி அரசு ஓடுதளப் பரிந்துரையைக் கிடப்பில் போட்டது. ஸ்டான்லியில் கட்டிய நிரந்தர ஓடுதளம் சுமார் 1,250 மீட்டர், தூரப் பயண ஜெட் எதுவும் இறங்க முடியாது. விளைவு, அர்ஜென்டினா வழியாக மட்டுமே வெளியுலகம். ஆபத்து வந்தால் பிரிட்டன் ஆகாய வழியாகப் படை அனுப்பவும் முடியாது.

1977இல் பிரதமர் காலஹனின் தொழிற்கட்சி அரசு சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தது. அர்ஜென்டினா ஏதாவது செய்துவிடுமோ என்ற பயத்தில் ட்ரெட்நாட் என்ற அணுசக்தி நீர்மூழ்கியையும் இரண்டு போர்க்கப்பல்களையும் தென் அட்லாண்டிக்குக்கு அனுப்பியது. நல்ல முன்யோசனைதான். ஆனால் அர்ஜென்டினாவுக்கு அது தெரிந்ததற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று பின்னால் விசாரணைக் குழு சொன்னது. எதிராளிக்குத் தெரியாத காவல் அவனை எப்படித் தடுக்கும் என்பது என் கேள்வி.

இப்போது ரிட்லி. 1979இல் தாட்சர் வந்தார், வெளியுறவு அமைச்சர் காரிங்டன் பிரபு, அவருக்குக் கீழே நிக்கோலஸ் ரிட்லி. இந்த விவகாரத்தில் கைவைத்த அமைச்சர்களில் பிரச்சினையை ஒளிவுமறைவில்லாமல் பார்த்தவர் ரிட்லி என்றுதான் நினைக்கிறேன், அவருடைய மற்ற அரசியல் எனக்கு உடன்பாடானது இல்லை என்றாலும். அவர் வாதம் இப்படி: தீவை முழுசாகக் காப்பாற்றப் பணம் வேண்டும், கருவூலம் தராது. பேச்சை இழுத்துக்கொண்டே போகலாம், ஆனால் ஒருநாள் அர்ஜென்டினா பொறுமை இழக்கும். ஆகவே பட்டாவை அர்ஜென்டினா பெயருக்கு மாற்றிவிடுவோம், அனுபவத்தை நீண்ட காலக் குத்தகையாக நம்மிடமே வைத்துக்கொள்வோம். சட்டம், பள்ளிக்கூடம், போலீஸ், வாழ்க்கைமுறை எதுவும் மாறாது, வரைபடத்தில் நிறம் மட்டும் மாறும். 1980 செப்டம்பரில் மனைவியோடு விடுமுறைக்குப் போவதுபோல ஜெனீவா பக்கம் போய், அர்ஜென்டினா துணை வெளியுறவு அமைச்சர் காவன்டோலியை ரகசியமாகச் சந்தித்து, 99 வருஷம் என்ற கணக்கில் பேசினார். அப்புறம் நவம்பரில் அமைச்சரவைக் குழுவின் அனுமதியோடு தீவுக்குப் போனார்.

தீவில் ஒருமித்த எதிர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. யோசித்துப் பார்க்கலாம் என்றவர்கள் இருந்தார்கள், முடிவு சொல்லாமல் இருந்தவர்கள் நிறைய. ஆனால் எதிர்த்தவர்கள் உரக்க எதிர்த்தார்கள், ரிட்லிக்கும் தன்மையாகப் பேசும் பழக்கம் கிடையாது. டிசம்பர் 2 அன்று லண்டன் திரும்பி நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தார். தொழிற்கட்சியின் பீட்டர் ஷோர், லிபரல் ரஸல் ஜான்ஸ்டன், சொந்தக் கட்சியின் ஜூலியன் அமெரி, பெர்னார்ட் பிரெய்ன் என எல்லாப் பக்கமிருந்தும் அடி விழுந்தது. அவருக்கு ஆதரவாக ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. 1981 ஜனவரியில் தீவின் சபை, குத்தகை வேண்டாம், தகராறைக் கொஞ்ச காலம் அப்படியே உறையவைக்கப் பாருங்கள் என்று தீர்மானம் போட்டது.

அன்று ரிட்லியைக் கத்தி உட்காரவைத்த எம்பிக்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. மக்களின் விருப்பமே முக்கியம் என்று அவர்கள் சொன்னது சரி. அதற்கான விலையை யாரும் பேசவில்லை. குத்தகை வேண்டாமென்றால் ஓடுதளம் வேண்டும், காவல்படை வேண்டும், கப்பல் வேண்டும். தீவில் இருந்தது சுமார் நாற்பது கடற்படை வீரர்கள், சுற்றுக்கடலில் எண்டூரன்ஸ் என்ற ஒரு ரோந்துக் கப்பல், அவ்வளவுதான்.

1981 ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் செலவுக் குறைப்பில் அந்த எண்டூரன்ஸையும் திரும்ப அழைக்க முடிவெடுத்தார். மிச்சம் வருஷத்துக்கு சுமார் 20 லட்சம் பவுண்டு. வேண்டாம், அர்ஜென்டினா இதைத் தப்பாக அர்த்தம் செய்துகொள்ளும் என்று காரிங்டன் திரும்பத் திரும்ப எழுதினார், பலிக்கவில்லை. 1982 பிப்ரவரி 9 அன்று காலஹன் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்டபோது, பாதுகாப்பு நிதிக்கு இதைவிட முக்கியமான தேவைகள் இருக்கின்றன என்ற பொருளில் தாட்சர் பதில் சொன்னார். அதே 1981இல் வந்த குடியுரிமைச் சட்டம், ஹாங்காங்கிலிருந்து ஆட்கள் வருவதைத் தடுக்க எழுதப்பட்டது, தீவில் நூற்றுக்கணக்கானோரின் முழுப் பிரிட்டிஷ் குடியுரிமையையும் சேர்த்தே பறித்தது. ஜிப்ரால்டருக்கு விலக்குக் கிடைத்தது. ஃபாக்லாந்துக்கான திருத்தம் பிரபுக்கள் சபையில் மயிரிழையில் தோற்றது. அதே கடலில் இன்னொரு பிரிட்டிஷ் தீவான தெற்கு ஜார்ஜியாவிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தையும் மூடப்போவதாகப் பேச்சு. பியூனஸ் அயர்ஸில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கும் ஒரு ராணுவ ஆட்சியாளனுக்கு என்ன தோன்றும்? இவர்களுக்கு இந்தத் தீவு வேண்டாம், எடுத்துக்கொண்டால் சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள் என்றுதான் தோன்றும்.

ரிட்லி 1981 ஜூலையிலேயே, சலுகை எதுவும் இல்லாமல் பேச்சை இழுத்தால் அவர்கள் பலத்தைப் பயன்படுத்தும் அபாயம் கூடிக்கொண்டே போகிறது என்று காரிங்டனுக்கு எழுதினார். தீவிலும் பிரிட்டனிலும் மக்களிடம் வெளிப்படையாக எடுத்துச் சொல்லலாம் என்றார். செப்டம்பரில் காரிங்டன் அதை வேண்டாம் என்றார். 1981 ஜனவரி கடைசியிலிருந்து 1982 ஏப்ரல் 1 வரை அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு இந்தத் தீவைப் பற்றி ஒருமுறைகூடக் கூடிப் பேசவில்லை. ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினாப் படை ஸ்டான்லியில் இறங்கியது.

போரை நான் விவரிக்கப்போவதில்லை. 74 நாள், அர்ஜென்டினா தரப்பில் 649, பிரிட்டிஷ் படையில் 255, தீவுப் பெண்கள் மூவர். காரிங்டன் ஏப்ரல் 5 அன்று பதவி விலகினார். போர் வரும்வரை அரசு நடந்துகொண்ட விதத்தை விசாரித்த ஃபிராங்க்ஸ் குழுவின் அறிக்கை 1983 ஜனவரியில் வந்தது, அது மேலே சொன்ன ஒவ்வொரு சறுக்கலையும் வரிசையாகப் பதிவு செய்துவிட்டு, கடைசிப் பத்தியில் அரசின்மேல் பழி சொல்வதற்கில்லை என்று முடித்தது. 338 பத்தியில் அருமையாகப் படம் வரைந்துவிட்டு 339ஆவது பத்தியில் ஃபிராங்க்ஸ் அதன்மேல் வாளிச் சுண்ணாம்பைக் கொட்டி மறைத்துவிட்டார் என்று காலஹன் நாடாளுமன்றத்தில் சொன்னார். அவர் காலத்து முடிவுகளும் அந்த 338 பத்திகளுக்குள் இருக்கின்றன.

இனி சாகோஸ். 1965 டிசம்பர் 16 அன்று ஃபாக்லாந்து பற்றி 2065ஆம் தீர்மானம் வந்தது என்றேன் அல்லவா, அதே நாளில் அதற்கு அடுத்த எண், 2066, மொரீஷியஸைத் துண்டாடாதே என்று பிரிட்டனிடம் சொன்ன தீர்மானம். ஏனென்றால் நவம்பரில்தான் லண்டன் சாகோஸைப் பிரித்து, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதி என்று புதுக் காலனி ஒன்றை உண்டாக்கியிருந்தது, அதிலுள்ள டியேகோ கார்சியா அமெரிக்கத் தளத்துக்கு வேண்டும் என்பதற்காக. அங்கேயும் மக்கள் இருந்தார்கள், ஆப்பிரிக்க அடிமைகளும் இந்தியக் கூலித் தொழிலாளர்களும் விட்டுப்போன சந்ததி, தென்னந்தோப்புகளில் வேலை பார்த்தவர்கள், எண்ணிக்கையும் ஃபாக்லாந்து அளவுதான், ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம். 1966இல் அவர்களைப் பற்றி எழுதிய வெளியுறவுத் துறைக் குறிப்பு, அங்கே கடற்பறவைகளைத் தவிர வேறு பூர்வகுடி இருக்காது என்கிறது. 1968க்கும் 1973க்கும் இடையில் அத்தனை பேரையும் வெளியேற்றி மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் விட்டார்கள். ஸ்டூவர்ட் ஃபாக்லாந்து மக்களின் விருப்பத்துக்கு மாறாக எதுவும் நடக்காது என்று அறிவித்த அதே 1968. அதே துறை, அதே அமைச்சர்கள். ஒரு கூட்டத்துக்கு லண்டனில் சொந்தக்காரர்களும் எம்பிக்களும் பத்திரிகைகளும் இருந்தன, வெள்ளைத் தோலும் ஆங்கிலமும் இருந்தது, இன்னொன்றுக்கு எதுவுமே இல்லை. அதே டியேகோ கார்சியாவில் 2021 அக்டோபரில் படகு பழுதாகிக் கரைசேர்ந்த இலங்கைத் தமிழர்களை மூன்று வருஷம் வேலிக்குள் கூடாரத்தில் வைத்திருந்ததும், அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பானதும் பலருக்கு நினைவிருக்கும்.

ஆக, அடுத்தது ஃபாக்லாந்தா? இல்லை என்றுதான் சொல்வேன். 1983இல் தீவுக்காரர்களுக்கு முழுக் குடியுரிமை கொடுத்தாகிவிட்டது. 1976இல் செலவு என்று தள்ளிய ஓடுதளத்தைவிடப் பெரிய தளம் மவுண்ட் ப்ளெசன்ட்டில் 1985இல் திறந்தாகிவிட்டது. 1986இல் அறிவித்த மீன்பிடி வலயத்தின் உரிமக் கட்டணத்தில், முக்கியமாகக் கணவாய் மீனில், பாதுகாப்புச் செலவு தவிர மற்றதெல்லாம் தீவே பார்த்துக்கொள்கிறது. 2013 வாக்கெடுப்பில் விழுந்த 1,517 வாக்குகளில் பிரிட்டனோடு இருப்போம் என்றவை 1,513, வேண்டாம் என்றவை மூன்று. அங்கே செத்தவர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. 1968இலோ 1980இலோ ஓர் அமைச்சர் தைரியமாகப் பேசியிருந்தால் ஏதோ ஒரு ஏற்பாட்டுக்கு வழி இருந்திருக்கலாம். இனி எந்தக் கட்சி அமைச்சரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

சாகோஸைக் கொடுப்பதில் அந்தத் தடை எதுவும் இல்லை, கேட்டுச் சொல்ல அங்கே ஆளே இல்லையே. சாகோஸை மொரீஷியஸிலிருந்து பிரித்தது தவறு என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது, 2025 மே 22 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது: இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியேகோ கார்சியா பிரிட்டனிடம் குத்தகைக்கு. குத்தகைக் காலம், ரிட்லி ஜெனீவாவில் பேசிய அதே 99 வருஷம். வெளியேற்றப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்று கணிசமாக வாழ்வது லண்டனுக்குத் தெற்கே, கேட்விக் விமான நிலையத்தை ஒட்டிய க்ராலி நகரத்தில். தங்களைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டார்கள் என்று அவர்களில் பலர் இப்போதும் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தில் இருப்பவை இரண்டு அரசுகளின் கையெழுத்து மட்டும்தான்.